திரும்பி வரும் பற்கள்

ஆண்களுக்குச் செய்த பற்கள் போன இடத்திலேயே தங்கிவிட்டன. வயதானவர்களுக்குச் செய்தவையும் அப்படித்தான். இளம் பெண்களுக்குச் செய்த முன்பற்கள் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லாமே ஒரே மேசையில், ஒரே பொடியில், ஒரே கையால் செய்தவை. எவ்வளவு யோசித்தும் பெரியவளுக்குக் காரணம் பிடிபடவில்லை.

அன்றும் ஒன்று வந்திருந்தது. சிறிய பிளாஸ்டிக் டப்பாவில், பஞ்சின் மேல், உடைந்த பல்லின் மேல் மாட்டும் நகத்தளவு பீங்கான் கேப். பல் செய்யும் பட்டறையின் மாஸ்டர் அதை அவள் மேசையில் வைத்தார்.

"மறுபடியும் வெள்ளையாம்."

"யாருக்குப் போனது மாஸ்டர்?"

"அந்தப் புது டீச்சர் பொண்ணுக்குத்தான். ரெண்டாவது தடவ."

"மாட்டிப் பாத்து சரின்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க?"

"நாற்காலியில உக்காந்திருந்த வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சாம். வீட்டுக்குப் போய் சாயங்காலம் ஒரு செல்ஃபி எடுத்துப் பாத்திருக்கு. காலையில கிளினிக் தெறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்குது."

பக்கத்து மேசையில் கடைவாய்ப் பற்கள் கட்டிக்கொண்டிருந்த பிரஷ் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "அதுங்களுக்கு எதச் செஞ்சாலும் பத்தாது மாஸ்டர். படத்துல மூக்கு சரியில்ல, கன்னம் சரியில்லன்னு அழுவுற கூட்டம். பல்ல மட்டும் சரின்னு சொல்லிருமா?"

"அழகு வேணும்னா இன்னும் வெள்ளையாத்தானேண்ணே கேப்பாங்க? இவங்க வெள்ளையா இருக்குன்னுல்ல திருப்பி அனுப்புறாங்க," என்றாள் பெரியவள்.

"அட, அதுவும் சரிதான். அப்ப உன் கண்ணுலதான் கோளாறு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "கோவமா சொல்லல பாப்பா. இன்னொரு தடவ செய். இதுவும் திரும்பி வந்தா நீ பிளாஸ்டர் பக்கமே போயிரு. அந்த கிளினிக் கைய விட்டுப் போச்சுன்னா அப்பறம் பட்டறையில ஈ ஓட்ட வேண்டியதுதான்."

பெரியவள் என்பது வீட்டில் அம்மா கூப்பிடுகிற பெயர். பட்டறையில் பாப்பா. பிளாஸ்டர் பிசைந்துகொண்டிருந்த காலத்தில் ஒட்டிய பெயர் முன்பல் மேசைக்கு வந்த பிறகும் உதிரவில்லை. பிளாஸ்டர் வேலை என்பது, கிளினிக்கிலிருந்து வரும் பல் பதிந்த ரப்பர் அச்சுக்குள் கரைசலை ஊற்றி, குமிழ் இல்லாமல் தட்டித் தட்டி இறக்கி, இறுகியதும் எடுத்துச் சீவுவது. வெள்ளைத் தூசி மூக்கிலும் புருவத்திலும் படியும். வருடக்கணக்கில் அதைச் செய்துகொண்டே அவள் ஜன்னலோர மேசையைப் பார்த்திருந்தாள். முன்பல் கட்டுகிறவருக்குத்தான் அந்த ஜன்னல். அங்கே ஒரு பெண் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

முன்பல் கட்டுவது ஏன் பெரிய வேலை என்றால், பல்லுக்கு ஒரே நிறம் கிடையாது. ஈறை ஒட்டிய கழுத்தில் சற்று மஞ்சள். நடுவில் பால் கலந்த மாதிரி. கடிக்கும் விளிம்பில் கண்ணாடி போல, பின்னாலிருக்கும் இருட்டு தெரியும். மூன்றுக்கும் மூன்று பொடி. நீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, தாளால் ஈரத்தை ஒற்றி, சூளையில் வைக்க வேண்டும். வெந்தால் சுருங்கும், ஆகவே வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகும் வரை பொடிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெள்ளை. உண்மை நிறம் நெருப்புக்குப் பிறகுதான் வெளியே வரும். அதுவரை ஜாடியின் மேல் ஒட்டிய எண்ணை நம்பித்தான் கை ஓடுகிறது.

ஜாடியை நம்பலாமா என்ற கேள்வி அவளுக்கு அன்றுதான் வந்தது. பிரஷ் அண்ணனின் மச்சான் போன மாதம் வேலை கேட்டு வந்திருந்தான். ஜன்னலோர மேசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் எண் ஜாடியில் யாராவது ஒரு கரண்டி முதல் எண்ணைக் கலந்துவிட்டால்? எண் கூடக்கூட நிறமும் கூடும். முதல் எண்தான் ஆக வெளுப்பு. கலந்தால் யாருக்குத் தெரியும்?

அவள் வீட்டிலிருந்து தங்கையின் நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு ஜாடியிலும் மூடியும் உடலும் சேருகிற இடத்தில் மெல்லிய கோடு இழுத்தாள். காய்ந்தால் அது கண்ணாடித் தோல் மாதிரி. மூடியைத் திருகினால் உடைந்துவிடும், மறுபடி ஒட்டாது.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரை ஒழுகியது. வீட்டுக்குள் நுழைந்ததும் ரொட்டி வாசனை. அம்மாவுக்குப் பேக்கரியில் ரொட்டி வெட்டிக் கட்டும் பிரிவில் வேலை. உறையில் சேராத நுனித் துண்டுகள் வீட்டுக்கு வரும். வெங்காயத்தோடு முட்டையைக் கலக்கி வதக்கிக்கொண்டிருந்தாள்.

"என் நெயில் பாலிஷ யாரு எடுத்தா?" உள்ளறையிலிருந்து சின்னவள் கத்தினாள்.

"நான்தான்," என்றாள் பெரியவள்.

அம்மாவின் கரண்டி நின்றது. "நீயா? சீப்பு எடுத்துத் தலை வாரவே அலுத்துக்குவ. பட்டறைக்கு எதுக்குடி நெயில் பாலிஷ்?"

"ஜாடிக்கு."

"ஜாடிக்கா? இந்தக் கதையெல்லாம் வேண்டாம். யாரு அவன்?"

"அம்மா! ஜாடிதாம்மா. பொடி ஜாடி. யாரோ தொறக்கறாங்களான்னு பாக்கறதுக்கு."

"யாரோன்னா ஆம்பளையா பொம்பளையா?"

சின்னவள் சிரித்துக்கொண்டே வந்து தட்டை எடுத்தாள். பட்டறைக்கு வேலை அனுப்பும் அதே பல் கிளினிக்கில், வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களை உட்கார வைப்பது, பெயர் கூப்பிடுவது, கிளினிக்கின் இணையப் பக்கத்தில் படங்கள் ஏற்றுவது, எல்லாம் அவள்தான். அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. கேப் போட வேண்டிய பல்லுக்குப் பக்கத்துப் பல்லை, மாதிரிப் பல்லோடு சேர்த்துப் படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவது. மாதிரிப் பல் என்பது உலோகக் குச்சியின் நுனியில் பொருத்திய, எண் போட்ட பீங்கான் பல். படத்தில் இரண்டும் அருகருகே இருந்தால், எந்த எண்ணுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, தங்கை அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் அக்கா பல் செய்தாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பெரியவள் கேட்டாள்.

"அந்த டீச்சர் படத்துல என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"ஏதாவது தட்டிவிட்டியா? வெளுப்பா காட்டுறது, வழுவழுன்னு ஆக்குறது..."

"ஃபில்டர் போட்டேன்னு சொல்றியா?"

"இப்ப வர்ற போன் நாம கேக்காமலே பல்ல வெளுத்துக் குடுக்குது."

"அப்படி வெளுத்தா பக்கத்துல இருக்கிற மாதிரிப் பல்லையும் சேத்துத்தானே வெளுக்கும்? உனக்குக் கணக்கு ஒண்ணும் மாறாதே."

"மூஞ்சிக்குள்ள இருக்கிற பல்ல மட்டும் கண்டுபிடிச்சு வெளுக்கத் தெரியும் அதுக்கு. குச்சியில இருக்கிறத விட்டுடும்."

"நல்லா தெரிஞ்சு வச்சிருக்கியே. செல்ஃபியே எடுக்காதவ."

"ஆம்பளைங்க படத்துல ஒரு கோளாறும் இல்ல. பொண்ணுங்க படத்துல மட்டும் வருது. ஏன்? பொண்ணுங்கள அழகாக் காட்டணும்னு உனக்கு ஒரு கை அரிப்பு."

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். "மூஞ்சியக் காட்டி வேலை வாங்கினவதானே நான். வேற என்ன தெரியும் எனக்கு?"

வேலை கிடைத்த அன்று அப்படிச் சொன்னது பெரியவள்தான். விளையாட்டாகச் சொன்னதாக அவள் நினைத்திருந்தாள்.

"டாக்டரம்மா என்னைய உள்ள சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, தெரியுமா உனக்கு?" என்றாள் சின்னவள். "நாற்காலி பக்கத்துல நின்னு கருவி எடுத்துக் குடுக்கற வேலை. பயிற்சிக்கே அனுப்புவாங்க. நீ உன் மாஸ்டர்கிட்ட படம்தான் தப்புன்னு போட்டுக்குடு. நான் காலம் பூரா வாசல்ல சிரிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"நான் பிளாஸ்டர் பிசையப் போனா பரவாயில்லையா?"

"உன் கைதான் தப்புன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா நெனைக்கிறேன்."

"ஊரான் பல்லுக்கு என் வீட்டுல சண்டையா?" அம்மா வாணலியை இறக்கி வைத்தாள். "சாப்பிடுங்கடி. இருக்கிற பல்லால மொதல்ல மெல்லுங்க."

காலையில் ஜாடிகளின் கோடுகள் ஒன்றுகூட உடையாமல் இருந்தன. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பிரஷ் அண்ணன் தேநீர்க் கோப்பையோடு அவள் மேசையருகே வந்து நின்றார்.

"என்ன பாப்பா, ஜாடிக்கெல்லாம் நகப்பூச்சு? கல்யாணமா அதுக்கு?"

அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தேகம்னா நேரா கேளு. என் மச்சான் லாரி கம்பெனியில சேந்து வாரம் ரெண்டாச்சு. உன் மேசைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அந்த ஜன்னல்ல உக்காந்தா எனக்குக் கழுத்து வலிக்குது."

"ஜாடிக்குள்ள தண்ணி போயிடக் கூடாதேன்னுண்ணே."

"பொய் சொல்றப்பக் காது சிவக்குது உனக்கு. அந்தச் செவப்புக்கு எந்த எண்ணு ஜாடி?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் சூளையையும் சோதித்தாள். மூன்றாம் எண் பொடியில் ஒரு சிறு வில்லை தட்டி வேகவைத்தாள். ஆறியதும் மாதிரிப் பல்லோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேகமூட்டம்தான், ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. பொடி சரி. சூளை சரி. கண்ணும் சரி. ஒவ்வொரு கதவாகச் சாத்தினால் கடைசியில் ஒன்றுதான் திறந்திருந்தது. அது அவள் வீட்டுக்குள் இருந்தது.

விடுமுறை நாளில் அம்மா பேக்கரிக்குப் போன பிறகு, பெரியவள் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த மாதிரிப் பல் வரிசையை மேசையில் வைத்தாள்.

"என் பல்லப் படம் எடு. கிளினிக்ல எப்படி எடுப்பியோ அப்படியே. ஒண்ணும் கூட்டாத, ஒண்ணும் கொறைக்காத."

"எதுக்கு?"

"என் பல்லு எந்த எண்ணுன்னு எனக்குத் தெரியும். மூணு. உன் படத்துல என்னவாத் தெரியுதுன்னு பாக்கணும்."

"கையும் களவுமா பிடிக்கப் போறியா?" சின்னவள் போனை நீட்டினாள். "முதல்ல எல்லாத்தையும் தொறந்து பாத்துக்க. அப்பறம் அதத் தட்டின, இதத் தட்டினன்னு சொல்லாத."

பெரியவள் கேமராவின் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்தாள். அழகுபடுத்துவது அணைத்திருந்தது. நிறம் மாற்றுவது அணைத்திருந்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் பார்த்தாள்.

சின்னவள் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். உதடுகளை இழுத்து விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் பொருத்தினாள். மேலே விசிறி சுற்றியது. மூன்றாம் எண் மாதிரிப் பல்லைப் பெரியவள் தானே பிடித்துக்கொண்டாள். அதையும் தங்கை கையில் கொடுக்க மனமில்லை.

"தலைய நேரா வை. கண்ணச் சுருக்காத."

வளையத்துக்குள்ளிருந்து பெரியவள் ஏதோ உளறினாள். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நீ பாத்து சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான். இந்தா, பாரு."

பெரியவள் பார்த்தாள். ஈறு முழுக்கத் தெரிய, உதடு நாலு பக்கமும் இழுபட, கண்கள் பிதுங்க, கொட்டாவி விடும் குதிரை மாதிரி ஒரு முகம். அதுதான் தன் முகம் என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் தலையை வேகமாக ஆட்டினாள். இன்னொன்று எடு என்று விரலால் காட்டினாள்.

இரண்டாவதில் கழுத்து தடித்திருந்தது. அடுத்ததில் ஒரு கண் மூடியிருந்தது. அதற்கடுத்ததில் நெற்றியில் வெளிச்சம் விழுந்து எண்ணெய் வழிந்த மாதிரி இருந்தது. முகத்தைச் சற்றுத் திருப்பினாள், தாடையை இறக்கினாள், சின்னவள் சளைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று, வாயில் வளையம் இருந்தும், பார்க்கும்படியாக வந்தது. பெரியவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

வளையத்தைக் கழற்றியதும் போனைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"பிடிச்சிட்டேன்! பாரு. குச்சியில இருக்கிறது மூணு. என் பல்லு ரெண்டாத் தெரியுது. ரெண்டுகூட இல்ல, அதுக்கும் மேல வெளுப்பு. இப்ப என்ன சொல்ற?"

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பண்ணலக்கா. நீதானே எல்லாத்தையும் பாத்த."

"அப்ப இது என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாப் படத்தையும் பாரேன்."

பெரியவள் விரலால் பின்னோக்கித் தள்ளினாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். தள்ளத் தள்ள அவள் வேகம் குறைந்தது. பின்னால் போகப் போக அவள் பல் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. குச்சியில் இருந்த பீங்கான் பல் மட்டும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அசையவில்லை. முதல் படத்தில், அந்தக் குதிரைப் படத்தில், இரண்டும் அச்சாக ஒன்று.

"கண்ணாடி எங்க?"

"அங்க மாட்டியிருக்கு பாரு."

கண்ணாடியில் போன் கிடையாது, ஃபில்டர் கிடையாது. அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முன்பற்கள் இரண்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன. வாயை மூடினாள்.

"என்னடி இது? பல்லே வெளுத்திருக்கு."

"நெசமாவா? காட்டு."

"போன் இல்ல. பல்லுதான்." நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே நின்றாள். "ரொட்டி இருக்கா?"

இருவரும் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றார்கள். அரைமணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது பல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. மூன்றாம் எண்.

நடந்தது இதுதான். பல் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் அதன் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வாய் மூடியிருக்கும்வரை அந்தத் துளைகளில் ஈரம் நிறைந்திருக்கும். வெளிச்சம் உள்ளே போய்ப் பல்லின் உண்மையான நிறத்தைத் தொட்டுத் திரும்பும். வாயைத் திறந்து வைத்தால் ஈரம் போய் அந்த இடத்தில் காற்று வரும். அப்போது வெளிச்சம் மேலேயே சிதறிவிடும். ஈர மணல் கருத்துத் தெரிகிறது, காய்ந்தால் வெளுக்கிறது, அதே கதை. பீங்கான் தண்ணீர் குடிக்காது, அதனால் மாதிரிப் பல் மாறவில்லை. சில நிமிடம் காய்ந்தாலே போதும், ஓர் எண் வெளுத்துவிடும். பழைய நிறத்துக்குத் திரும்புவதற்கோ வாயை மூடி வெகுநேரம் ஆக வேண்டும்.

"கிளினிக்ல ஏசி வேற," என்றாள் சின்னவள் மெதுவாக. "டாக்டரம்மா எச்சி வராம இருக்க வாயில பஞ்சு வேற வைப்பாங்க. எல்லாத்தையும் பாத்து முடிச்சு அவங்க எந்திரிச்சப்பறம்தான் நான் படம் எடுப்பேன்."

"ஆம்பளைங்கள எத்தன படம் எடுப்ப?"

"ஒண்ணு. காட்டினா பாக்கக்கூட மாட்டாங்க. அனுப்பும்மா, நேரமாச்சும்பாங்க."

"வயசானவங்க?"

"கண்ணாடி கொண்டு வரல, நீயே பாத்துக்கம்பாங்க."

"பொண்ணுங்க?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவளின் காது சிவந்தது.

"நானே இவ்வளவு நேரம் எடுக்கச் சொன்னேன்," என்றாள்.

"எல்லாரும் கேப்பாங்க. நானும் எடுத்துக் குடுப்பேன். முன்பல் உடைஞ்சு வர்ற பொண்ணு கைய வாயிலருந்து எடுக்கவே மாட்டாக்கா. பேசும்போதும் கை, சிரிக்கும்போதும் கை. அவளுக்கே பிடிச்ச மாதிரி ஒரு படமாவது எடுத்துட்டுத்தான் விடணும்னு நெனப்பேன். அத மட்டும்தான் உனக்கு அனுப்புவேன். மொதல்ல எடுத்ததெல்லாம் அங்கயே அழிச்சிருவேன்."

"சரியா இருந்தது அதுதான். அழிச்சிட்டு தப்ப அனுப்பியிருக்க."

"தெரியாதுல்ல."

"எனக்குந்தான் தெரியல." பெரியவள் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வரிசையில் செருகினாள். "அந்த டீச்சர் நாற்காலியில இருந்தப்ப பக்கத்துப் பல்லும் காஞ்சிருக்கு. அதனால என் கேப் பொருந்தியிருக்கு. சாயங்காலம் பல்லு பழையபடி ஆயிருச்சு, கேப் அப்படியே நிக்குது. செல்ஃபியில வெள்ளையாத் தெரியாம என்ன செய்யும்? அவ கண்ணு பொய் சொல்லல. அவளப் போயி எத்தன பேச்சு பேசினோம் பட்டறையில."

"நீ என்னையும்தான் பேசின."

"ஆமா. பேசினேன்."

மாலையில் அம்மா வந்து, "என்னடி, வீடு அமைதியா இருக்கு? யாரு யாரக் கொன்னீங்க?" என்று சந்தேகத்தோடு இரண்டு அறையையும் எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் பொண்ணை மறுபடி வரவழைத்த அன்று பெரியவள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு கிளினிக்குக்கே போனாள். தங்கை சொன்னதை நம்பாமல் இல்லை. கண்ணால் பார்க்காமல் தூரிகையைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. சின்னவள் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே பேசினார்.

"காஞ்சா பல்லு வெளுக்கும்னு எனக்குத் தெரியும்மா. முன்னால அவங்க வந்ததும் வராததுமா நானே மாதிரிப் பல்ல வச்சு ஷேடு பாத்துடுவேன். போன் வந்தப்பறம், படம்தான் இருக்கேன்னு விட்டுட்டேன். இவ எப்ப எடுக்கறா, எவ்வளவு நேரம் எடுக்கறான்னு நான் கேட்டதே இல்ல. கூட்டம் அப்படி."

டீச்சர் பொண்ணு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தாள். வாயின் மேல் கை. கைக்குள்ளிருந்தே பேசினாள். "மூணாவது தடவ. என்னைய வச்சுப் பழகுறீங்களா? திங்கக்கிழமை நான் வகுப்புக்குப் போகணும். அறுபது பசங்க. பாடத்தையா பாப்பாங்க, பல்லத்தான் பாப்பாங்க."

"கைய எடுங்க டீச்சர்," என்றாள் சின்னவள்.

வளையம், மாதிரிப் பல், போன் எல்லாம் தயாராக அவள் கையில் இருந்தன. வாய் திறந்ததும் படம் விழுந்துவிட்டது. அதை அப்போதே அனுப்பிவிட்டாள்.

"காட்டுங்க," என்றாள் டீச்சர் பொண்ணு. பார்த்தாள். "ச்சே, வேண்டாம். இன்னொண்ணு எடுங்க."

"இது உங்களுக்கு இல்ல டீச்சர், பல்லுக்கு. உங்களுக்குப் பிடிச்ச படம் அப்பறமா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துத் தர்றேன்."

"இது யாருகிட்ட போகும்?"

"என்கிட்டதான்," என்றாள் மூலையில் நின்ற பெரியவள். "நான்தான் உங்களுக்குப் பல்லு செய்யறேன். முதல் ரெண்டும் நான் செஞ்சதுதான்."

டீச்சர் பொண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. "நீங்களா? நான் மெஷின்ல வரும்னு நெனச்சேன்."

பெரியவள் அருகே போய், உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லைப் பார்த்தாள். ஈரமாக, மூன்றாம் எண்ணுக்கும் ஒரு சாயல் ஆழமாக, கழுத்தில் தேன் நிறத்தோடு இருந்தது. இதற்கு முன் வந்த படங்கள் எதிலும் இந்தத் தேன் நிறம் இல்லை. அவள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

புதிதாகச் செய்த மூன்றாவது கேப் கிளினிக்குக்குப் போன நாளிலிருந்து ஜன்னலோர மேசையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. வாசலில் கூரியர் வண்டி நின்றால் தலை தூக்கினாள். கிளினிக் உறை வந்தால் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே டப்பா உருளும் சத்தம் கேட்கிறதா என்று. மாஸ்டரும் அவளைப் போலவே உறைகளைக் குலுக்கிப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

திங்கட்கிழமை மதியம் சின்னவளிடமிருந்து ஒரு படம் வந்தது. டீச்சர் பொண்ணு தானே எடுத்து கிளினிக்குக்கு அனுப்பிய செல்ஃபி. பின்னால் கரும்பலகை. வாய் நிறையச் சிரிப்பு, கை வாயில் இல்லை. பெரியவள் சந்தேகத்தோடு படத்தைப் பெரிதாக்கினாள். இடமிருந்து பார்த்தாள், வலமிருந்து பார்த்தாள். நாலு முன்பற்களில் தான் செய்தது எது என்று அவளுக்கு உடனே சொல்ல முடியவில்லை. பிளாஸ்டர் அச்சை எடுத்து வைத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தாள்.

"என்ன பாப்பா?" என்றார் மாஸ்டர்.

"தங்கிடுச்சு மாஸ்டர்."

அவர் புதிதாக வந்த ஒரு முன்பல் அச்சை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த கிளினிக்கில் வேலை நடக்கும் முறை இது: வந்தவர் வாயைத் திறந்ததும், பஞ்சு வைக்கும் முன், பழைய கேப்பைக் கழற்றும் முன், பல் ஈரமாக இருக்கும்போதே மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்து ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதைத்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.